நல்லோடு ஏன் சுவரைப் பார்த்து நின்றான்?

கார்வேட்டிநகரத்தில் என் அத்தை வீட்டு நாயின் பெயர் நல்லோடு. தெலுங்கில் 'நல்ல' என்றால் கறுப்பு. நல்லோடு என்றால் கறுப்பன். எதிர்வீட்டார் வைத்த பெயர். அத்தையின் தமிழ்க் காதில் அது 'நல்லவன்' என்று விழுந்ததால் அப்படியே நிலைத்துவிட்டது. பள்ளிப்பட்டைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் வந்துவிடுகிற ஊர் அது. 1960 ஏப்ரலில் எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. கார்வேட்டிநகரம் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றது. இன்றும் அங்கே ஒரே திண்ணையில் இரண்டு மொழியும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

குட்டியாக ஸ்கந்த புஷ்கரணிப் படிக்கட்டில் கிடந்தவனை மாமாதான் தூக்கி வந்தார். விடியற்காலையில் மாமா வேணுகோபால சுவாமி கோயில் பக்கம் நடக்கப் போனால் நாலடி முன்னால் அவன் போவான். மாங்காய்ப் பருவத்தில் தோப்புக் காவல். மாமாவின் சைக்கிள் மணி தெருக்கோடியில் கேட்டாலே எழுந்து வாசலுக்கு வந்துவிடுவான். பதின்மூன்று வருஷத்தில் ஒரு மனுஷர் மேல் பல் பட்டதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன், மாசி மாதத்தில் ஒரு காலை அத்தை போன் செய்தார். "கண்ணு, நல்லோடு மாமாவக் கடிச்சிட்டான். தெருவுல எல்லாரும் ஒண்ணு சொல்றாங்க. நீ வா."

தெருவில் எல்லாரும் சொன்ன அந்த ஒன்று என்ன என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எதிர்வீட்டில் 'பிச்சி பட்டிந்தி' என்றார்கள். நம் பக்கத்து வீட்டில் 'வெறி பிடிச்சிருக்கு' என்றார்கள். வயதான நாயின் குணம் மாறினால் நம் ஊர்களில் இரண்டே சொல்தான் உண்டு. ஒன்று வெறி. இன்னொன்று 'வயசாயிடுச்சு'. முதல் சொல் தடியை எடுக்கச் சொல்லும். இரண்டாவது சொல் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லும். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் வைத்தியம் முழுவதும் இருக்கிறது. அதை எங்கள் வீட்டார் கற்றுக்கொண்டது தாமதமாக. இந்தக் கட்டுரையை எழுதுவதும் அதனால்தான்.

கடி என்பது கடைசியில் நடந்தது. அதற்கு முன்னால் நாலைந்து மாதமாகவே நல்லோடு மாறிக்கொண்டிருந்தான். கூடத்தின் மூலையில் சுவருக்கு மூக்கைக் கொடுத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் நடுவில் இருக்கும் கதவில், திறக்கிற பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் போய் நின்று, அங்கே வழி வரும் என்று காத்திருப்பான். வாழ்நாளெல்லாம் வீட்டுக்குள் ஈரம் செய்யாதவன் தாழ்வாரத்திலேயே ஒன்றுக்குப் போனான். பகலெல்லாம் தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு நடை. வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பான். நகங்கள் தரையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். பிறகு ஊளை.

அந்த ஊளைதான் அத்தையைக் கலக்கியது. நாய் ஊளையிட்டால் வீட்டில் சாவு விழும் என்பது எல்லையின் இரண்டு பக்கமும் உள்ள நம்பிக்கை. மாமாவுக்கு எழுபத்தொன்று. அத்தை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து மாமா மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு முறை நாயைக் கால்நடை வைத்தியம் பார்க்கும் ஒருவரிடமும் காட்டியிருக்கிறார்கள். அவர் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வயசு. இன்னும் எத்தன நாளு?" என்று அனுப்பிவிட்டார்.

பத்து நாள்

முதலில் கடியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் நாயின் குணம் திடீரென்று மாறி, அது கடித்தும் விட்டால், கேட்க வேண்டிய முதல் கேள்வி ரேபிஸ்தான். எத்தனை அன்பான நாயாக இருந்தாலும் அதற்கு விலக்கில்லை. உலகில் ரேபிஸால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோயின் அறிகுறி வந்துவிட்டால் மனிதனைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். வருவதற்கு முன்னால் தடுப்பதோ நிச்சயமாக முடியும்.

மாமாவின் கையில் இரண்டு பல் ஆழமாக இறங்கி ரத்தம் வந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மிளகாய்த்தூளோடு நின்றார். இன்னொருவர் சுண்ணாம்பு தடவச் சொன்னார். நல்லவேளையாக அத்தையின் பேத்தி பள்ளியில் படித்ததைப் பிடித்துக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, பதினைந்து நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவ வைத்தாள். இது ஏதோ முதலுதவிச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். ரேபிஸ் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் கரைக்கும். ஓடும் தண்ணீரும் சோப்புமே பெரிய பாதி வைத்தியம். பிறகு அரசு ஆஸ்பத்திரி. ரத்தம் வரக் கடித்திருந்ததால் தடுப்பூசியோடு, புண்ணைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போட்டார்கள். மாமா பயந்தது வேறு ஊசிக்கு: அவர் சின்ன வயதில் பார்த்த, தொப்புளைச் சுற்றிப் போடும் பதினாலு ஊசி. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தை நாடு கைவிட்டே இருபது ஆண்டு ஆகிவிட்டது. இப்போது கைத்தோலில் போடுகிற சின்ன ஊசி, சில தவணைகள், அவ்வளவுதான். தென்னிந்தியாவில் இந்த வைத்தியம் வந்த வரலாறும் ஒரு கடியில்தான் தொடங்கியது. 1902இல் நாய் கடித்து ஓர் இளம்பெண் இறந்துபோனார். அன்று சிகிச்சை வேண்டுமென்றால் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போக வேண்டும். அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது.

நல்லோடுவின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். கடைசி ஊசி போட்டு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 'கிழட்டு நாய்க்கு எதுக்கு' என்று நாங்களே விட்டுவிட்டோம். தப்பு எங்கள் வீட்டுடையது. ஆகவே அவனைத் தோப்புக் கொட்டகையில் தனியாகக் கட்டி, யாரும் தொடாமல், நீளக் கம்பில் தட்டைத் தள்ளிச் சோறும் தண்ணீரும் வைத்துப் பத்து நாள் பார்ப்பது என்று முடிவானது.

ஏன் பத்து நாள்? ரேபிஸ் வந்த நாயின் எச்சிலில் வைரஸ் இறங்குவது நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்னால்தான். தெரிந்த பிறகு அந்த நாய் ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளுக்குள் இறந்துவிடும். எனவே கடித்த நாய் பத்தாம் நாளும் சோறு தின்றுகொண்டு நன்றாக நின்றால், கடித்த அன்று அதன் எச்சிலில் ரேபிஸ் இருந்திருக்க முடியாது. இதற்குள் பார்க்க வேண்டியவை உண்டு: குரைப்பின் குரலே மாறுவது, தாடை தொங்குவது, விழுங்க முடியாமல் எச்சில் கயிறாக ஒழுகுவது, இருட்டைத் தேடி ஒடுங்குவது, கல்லையும் மண்ணையும் கடிப்பது, பின்கால் இழுப்பது. சீறிக் கடிக்கிற வெறியைத்தான் நமக்குத் தெரியும். சத்தமில்லாமல் வாய் திறந்தபடி கிடக்கும் ரேபிஸும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து அந்த வாய்க்குள் கையை விட்டு நோயை வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. வாய் மூடாத நாயின் வாயில் கைவிடாதீர்கள். இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பத்து நாளும் நான் அங்கேயே இருந்தேன். காலையும் மாலையும் கொட்டகை வாசலில் தள்ளி உட்கார்ந்து அவனைப் பார்ப்பதுதான் வேலை. நாயைப் பற்றி நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்ததெல்லாம் அப்போது நினைவுக்கு வந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவனின் முப்பத்து நாலாம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அதில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்லே சொல்கிறது. ஏறத்தாழ 1,400 வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயின் பெயரை எழுத்தில் வைத்த ஊர்க்காரர்கள் நாம்.

இன்னொன்று கர்நாடகத்தின் ஆதகூர்க் கல். எங்கள் பக்கத்துக்கு அதில் நேரான தொடர்பு உண்டு. திருத்தணிக்கு அந்தப் பக்கம், அரக்கோணத்தை ஒட்டிய தக்கோலத்தில் 949ஆம் ஆண்டு வாக்கில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்த போரைச் சொல்கிற கல் அது. அந்தப் போரில் வீரம் காட்டிய மணலேரா என்பவனிடம் கங்க மன்னன் பூதுகன், என்ன வேண்டுமோ கேள் என்றான். மணலேரா கேட்டது மன்னனின் வேட்டை நாயை. காளி என்று பெயர். பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு மோதி, பன்றியும் காளியும் சேர்ந்தே செத்தன. காளிக்குக் கல் நட்டு, அதற்குப் பூசை நடக்க நிலமும் எழுதி வைத்தார்கள்.

கோவிவனும் காளியும் பல் கூர்மையாக இருந்த நாளின் வீரத்துக்காகக் கல்லில் ஏறியவர்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது மறந்துபோன நாய்க்கு யாரும் கல் நட்டதாக நான் படித்ததில்லை.

பத்தாம் நாளும் நல்லோடு சோற்றை நக்கித் தின்றான். ஆனால் இடது பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தின்றான். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

கேட்கப்பட்ட கேள்வி

திருப்பதிக்குக் கூட்டிப் போனோம். சுமார் ஐம்பது கிலோமீட்டர், புத்தூர் வழியாக. புத்தூர் தாண்டும்போது வண்டிக்காரர், "நரம்பு சுளுக்கா இருக்கும், இங்கயே கட்டுப் போட்டுடலாமே" என்றார். எலும்பு முறிவுக்குப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் ஆட்கள் வருகிற ஊர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் திருப்பதியில் 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதைச் சுற்றி 2005இல் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. நாய், பூனை பார்க்கத் தெரிந்த மருத்துவர்கள் அந்த ஊரில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சித்தூர், திருப்பதி மாவட்டத்துக்காரர்கள் நாயென்றால் உள்ளூர் மாட்டாஸ்பத்திரியோடு நின்றுவிடத் தேவையில்லை.

நாங்கள் பார்த்த பெண் மருத்துவர் வயதைக் கேட்கவில்லை. "அவன் கடிச்சப்ப நீங்க எங்க தொட்டீங்க?" என்று மாமாவைக் கேட்டார்.

மாமா யோசித்தார். மூலையில் நின்றவனை வெளியே இழுக்க, பின்னாலிருந்து போய் முகத்தைப் பிடித்துத் திருப்பியிருக்கிறார். வலது கன்னத்தை.

மருத்துவர் வாய்க்கட்டுப் போட்டு உதட்டை மட்டும் தூக்கினார். அறை முழுக்க நாற்றம். வலது மேல் தாடையின் பெரிய அரைக்கும் பல் உடைந்து, வேரில் சீழ் கட்டியிருந்தது. கண்ணுக்குக் கீழே லேசான வீக்கம். கறுத்த முடியில் அது எங்களுக்குத் தெரிந்தே இருக்கவில்லை. தலைக்குப் பின்னால் கைதட்டிப் பார்த்தார், காது அசையவில்லை. இடுப்பு மூட்டுகளை மடக்கியபோது முனகினான். ஆக, காது கேட்காத ஒருவனை, பின்னாலிருந்து, பார்க்காத நேரத்தில், வலி தெறிக்கும் கன்னத்தில் பிடித்து இழுத்திருக்கிறோம். சைக்கிள் மணிக்கு அவன் எழாமல் போனது பாசம் குறைந்ததால் என்று மாமா மாதக்கணக்கில் மனசுக்குள் வருந்திக்கொண்டிருந்தார். அங்கேயே சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பல் சீழ் பிடித்த நாய் சோறு தின்னாது என்றுதான் எல்லாரும் நினைப்போம். தின்னும். வலியை மறைப்பது நாயின் உடம்பில் ஊறிய பழக்கம். அது பல நேரம் முனகாது, நொண்டாது; குணத்தை மாற்றிக்கொள்ளும். குழந்தையைக் கண்டால் எழுந்து போய்விடும், மாடிப்படி ஏறாது, தொட்டால் உறுமும். கிழ நாயின் திடீர்க் கோபத்துக்குப் பின்னால் வலி இருக்கிறதா என்று பார்க்காமல் வேறு எந்த முடிவுக்கும் போகக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இதோடு ஓர் எச்சரிக்கை. வலிதானே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையோ இபுபுரூஃபனையோ டைக்ளோபினாக்கையோ நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். குடலில் புண், சிறுநீரகச் சேதம், ஈரல் சேதம் என்று போய் உயிரே போகலாம். நாய்களுக்கென்று வலி மருந்துகள் உண்டு; அவற்றையும் ரத்தம் சோதித்துச் சிறுநீரகம், ஈரல் நிலை பார்த்த பிறகே கொடுப்பார்கள்.

குணம் மாற வேறு காரணங்களும் உண்டு. திடீரென்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்து வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போனால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரையோ இருக்கலாம். ஒழுக்கம் கெட்டுவிட்டது என்று அடிக்கக்கூடாது. கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய், பருவத்துக்கு வந்து சில வாரம் கழித்துச் சோர்ந்து படுத்து நிறையத் தண்ணீர் குடித்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கக்கூடும். அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்து, எழ மனமில்லாமல் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் சூட்டுப் பிரதேசத்தில் சர்வசாதாரணம், காலத்தில் பிடித்தால் மருந்து கேட்கும். கண்ணில் நீலம் படர்ந்தால் உடனே பூ விழுந்துவிட்டது என்போம். வயதான நாய்களின் விழி லென்ஸ் இறுகி நீலம் பாரிப்பது வேறு, அதில் பார்வை பெரிதாகப் போகாது. உண்மையான புரை வேறு.

எல்லாவற்றிலும் திகிலூட்டுவது ஒன்று. முந்தின ராத்திரி நன்றாக இருந்த கிழ நாய் காலையில் எழுந்ததும் தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்மணிகள் இடமும் வலமுமாகத் துடிக்க, ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும், வாந்தி எடுக்கும். பக்கவாதம் என்பார்கள், வெறி என்பார்கள், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றுகூடச் சொல்வார்கள். பெரும்பாலும் அது உள்காதில் உள்ள சமநிலை உறுப்பின் கோளாறு. வயதான நாய்களுக்குக் காரணம் தெரியாமலே வரும். இரண்டு மூன்று நாளில் துடிப்பு அடங்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரத்தில் நடந்துவிடும். தலைச் சாய்வு மட்டும் சிலவற்றுக்கு மிஞ்சும். காதில் சீழோ மூளையில் கட்டியோ இல்லை என்று மருத்துவர் பார்க்க வேண்டும்தான். ஆனால் முதல் நாளின் பயத்தில் யாரும் ஓர் உயிரை முடித்துவிடக் கூடாது. ரேபிஸ் நாளுக்கு நாள் மோசமாகும். இது நாளுக்கு நாள் தேறும்.

வலி போன பிறகு மிஞ்சியது

நல்லோடுவுக்கு ரத்தம் பார்த்து, மயக்கம் கொடுத்து, பல்லை எடுத்தார்கள். மூட்டுக்கு மருந்து. ஒரே வாரத்தில் உறுமல் நின்றது. மாமா மடியில் தலை வைக்கத் தொடங்கினான். ஊளையும் குறைந்தது.

ஆனால் சுவரைப் பார்த்து நிற்பது நிற்கவில்லை. ராத்திரி நடையும். கீல் பக்கம் காத்திருப்பதும்.

அதற்கும் பெயர் உண்டு என்றார் மருத்துவர். மனிதருக்கு வரும் மறதி நோய் போலவே நாய்க்கும் வருகிறது. நாயின் மூளையிலும் அமிலாய்டு என்ற புரதம் படிகிறது. அந்தப் புரதத்தின் அமைப்பு மனிதருடையதும் நாயினுடையதும் ஒன்றே. மூளை சுருங்குகிறது. பழகிய வீட்டில் திசை தப்புவது, வீட்டாரோடு பழகும் விதம் மாறுவது, பகல் இரவு புரண்டுபோவது, கழிப்பிடப் பழக்கம் மறப்பது, காரணமில்லாத பதற்றம், நோக்கமில்லாத நடை என்று இதன் அடையாளங்கள் ஐந்தாறு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 180 நாய்களை வைத்துச் செய்து 2001இல் வெளியான ஆய்வில், 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கு இந்த அடையாளங்களில் ஒன்றாவது இருந்தது. 15, 16 வயதில் அது 68 சதவீதம். அமெரிக்காவில் 15,019 நாய்களின் விவரம் திரட்டி 2022இல் வந்த இன்னோர் ஆய்வு, நடமாட்டமில்லாத நாய்களிடம் இந்த நோய்க்கான வாய்ப்பு ஓடியாடும் நாய்களைவிட ஆறு மடங்குக்கு மேல் என்றது. ஓடாததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் ஓடவில்லையா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை.

என்னை அதிகம் தொட்டது ஆஸ்திரேலியாவில் 2010இல் வந்த கணக்கு. எட்டு வயதுக்கு மேற்பட்ட நாய்களில் சுமார் 14 சதவீதத்துக்கு இந்த நோய் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். மருத்துவரிடம் போய்ப் பெயர் சொல்லப்பட்டவை 2 சதவீதம்கூட இல்லை. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே மீதி நாய்கள் எல்லாம் 'வயசு' என்ற சொல்லுக்குள் போய்விட்டன.

குணப்படுத்தும் மருந்து இல்லை. செலிஜிலின் என்ற மாத்திரை, மனிதருக்குப் பார்க்கின்சன் நோய்க்குக் கொடுப்பது, நாயின் இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. சில நாய்களுக்கு நன்றாக உதவும், சிலவற்றுக்கு இல்லை. வேறு சில மருந்துகளோடு சேர்ந்தால் ஆபத்து என்பதால் மருத்துவர் கையால்தான் வர வேண்டும். மருந்தைவிட எனக்கு நம்பிக்கை தந்தது பீகிள் நாய்களிடம் இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்த சோதனை. நல்ல சத்துணவு மட்டும் கொடுத்தவை கொஞ்சம் தேறின. துணை நாயும் விளையாட்டும் நடையும் புதிது கற்கும் பயிற்சியும் மட்டும் கொடுத்தவை கொஞ்சம் தேறின. இரண்டும் சேர்த்துக் கொடுத்தவை எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தன.

ஆகவே மாமா மறுபடி அவனைக் காலையில் நடத்தினார். கோயில் வரை போக முடியாது. தெருமுனை வரை, அவன் இஷ்டத்துக்கு ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து மோந்து. கண்ணும் காதும் போன பிறகும் நாய்க்கு மூக்கு நீண்ட நாள் துணை நிற்கும். பேத்தி கருவாட்டுத் துணுக்குகளைச் சாக்கின் மடிப்புகளில் ஒளித்து வைத்துத் தேடச் சொல்வாள். எழுப்ப வேண்டுமென்றால் தொடுவதில்லை. தரையை மிதித்து அதிர்வு கொடுத்து, மூக்கின் முன்னால் கையை நீட்டி, அவன் மோந்து தலையாட்டிய பிறகே தொட வேண்டும் என்று வீட்டில் சட்டம். வீட்டுத் தரை பளபளக்கும் கிரானைட். சித்தூர், குப்பம் பக்கம் வெட்டியெடுக்கிற கல், ஊரில் கையில் கொஞ்சம் காசு வந்தவர்கள் வீட்டிலெல்லாம் இருப்பது. மூட்டு போன நாய்க்கு அது பனிக்கட்டி மாதிரி. மாமா படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும், அங்கிருந்து வாசல் வரைக்கும் கோணிச் சாக்குகளைப் பாதையாக விரித்தார். கட்டிலை, பீரோவை நகர்த்தக் கூடாது. ராத்திரி தாழ்வாரத்தில் ஒரு சின்ன விளக்கு. ஊசி அட்டையில் புதுத் தேதி.

ஊருக்குள் வீடில்லாத கிழ நாய்களை இப்போது நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத் தெருநாய்களைக் காப்பகத்துக்குள் அடைக்கச் சொன்னது. அதே மாதம் 22ஆம் தேதி அந்த ஆணையைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. ரேபிஸ் நாய்களையும் மூர்க்கமாக நடந்துகொள்ளும் நாய்களையும் விடக் கூடாது என்றது. கடிபட்டவர்களின் பயம் நியாயமானது. என் மாமா கையிலேயே அந்தத் தழும்பு இருக்கிறது. ஆனால் மூர்க்கம் என்று எழுதிக்கொள்ளும் முன், அந்த நாயின் உதட்டைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும். தடுப்பூசி போடப் பிடிக்கிற அதே கையோடு பல்லையும் மூட்டையும் பார்ப்பது பெரிய செலவில்லை.

நல்லோடு அதற்குப் பிறகு இரண்டு மாங்காய்ப் பருவம் பார்த்தான். போன ஆனியில் நான் போனபோது ராத்திரி இரண்டு மணி இருக்கும், சாக்கின் மேல் நகம் உரசும் சத்தம் கேட்டு விழித்தேன். அத்தை ஏற்கெனவே எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மாமா பக்கம் போய்ப் பார்க்கவில்லை. "ஊளை இல்ல கண்ணு, நடைதான்," என்றார். நல்லோடு கூடத்தைக் கடந்து தாழ்வாரத்துப் பக்கம் போனான். வழக்கம்போல் நிலையின் தப்பான பக்கத்துக்கே போனான். நின்றான். பிறகு நேரே நடந்து வெளியே வந்து அத்தையின் காலடியில் படுத்தான்.

மாமா அந்தக் கதவைக் கீலோடு கழற்றி மாட்டுக்கொட்டகையில் சாத்தி வைத்திருந்தார்.